மிச்சம் 45 ஆயிரம்

அன்புள்ள சகோதரிக்கு,

நல்லம்பள்ளிப் பக்கம் மனை பார்த்திருப்பதாக நீங்கள் எழுதிய கடிதமும், நோட்டுத் தாளில் போட்டு அனுப்பிய கணக்கும் கிடைத்தன. 1,200 சதுர அடி மனை 9 லட்சம். சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று மேஸ்திரி சொன்ன கணக்கில் 850 சதுர அடி வீடு 19 லட்சத்து 55 ஆயிரம். ஆக மொத்தம் 28 லட்சத்து 55 ஆயிரம். கையில் 7 லட்சம் இருக்கிறது, வங்கி 22 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. போக மிச்சம் 45 ஆயிரம். அதில் ஒரு சோபாவும் பையனுக்கு எழுதும் மேசையும் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் தாளில் இரண்டே வரிதான் இருக்கிறது. வீடு கட்டும் கணக்கில் குறைந்தது பதினைந்து வரியாவது வரும். விட்டுப்போன வரிகளையும் எழுதிப் பார்த்தேன். சோபாவை அடித்துவிட்ட பிறகும் பதினொன்றரை லட்சம் துண்டு விழுகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் மனுக்களைப் படிப்பதே வேலையாக இருந்தவன் நான். லின்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளின் மனுக்களை எடுத்துப் பார்த்தால், மனை விலையும் கட்டட விலையும் சரியாகவே எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட்டதுதான் வீட்டை நிறுத்தியிருக்கும்.

முதலில் புரோக்கர் சொன்ன யோசனையை முடித்துவிடுவோம். பத்திரத்தில் 5 லட்சம் என்று காட்டி, மீதி 4 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் பதிவுச் செலவு குறையும் என்கிறாராம். குறையும், உங்கள் விஷயத்தில் 32 ஆயிரம் ரூபாய். ஆனால் வங்கி பத்திரத்தில் இருக்கும் விலையைத்தான் பார்க்கும். காட்டாத 4 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வராது. உங்கள் 7 லட்சத்தில் 4 லட்சம் முதல் நாளே கரைந்துவிடும். அசையாச் சொத்துக்கு 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 5 லட்சம்தான் என்று உங்கள் பத்திரமே சாட்சி சொல்லி, லாபத்தின் மீது வரி கேட்க வைக்கும். புரோக்கருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உள்ள விலையைப் போட்டே பதியுங்கள். முத்திரைத் தீர்வை, மாற்று வரி இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. உங்கள் மாமனார் 11 சதவீதம் என்று சொன்னால் அவர் சொல்வதும் ஒரு காலத்து உண்மைதான். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கியது. நீங்கள் கொடுக்கும் விலை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் கணக்கு. அந்த சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் பெயரில் மட்டும் பதிந்தால் 81 ஆயிரத்துக்குப் பதில் 72 ஆயிரம். வீட்டுக்காரர் பெயரும் பத்திரத்தில் இருந்தால்தான் வட்டிக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்று அவருடைய நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பழைய வரி முறையில் அது சரி. ஆனால் உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தே மாதம் 50 ஆயிரம்தான். புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? கடனுக்கு அவர் உடன் கையெழுத்துப் போடட்டும், மனை உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இந்த 72 ஆயிரத்துக்கு வங்கி கடன் தராது. அநேகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் அந்த மதிப்பில் சேராது. மொத்த விலை 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் பதிவுச் செலவு முழுதும் கைப்பணம். கடன் பெற மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதையும் தனியாகப் பதிய வேண்டும். அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து உங்களுக்கு 17 ஆயிரம் ஆகும். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அவர்கள் வக்கீல், மதிப்பீட்டாளர் என்று ஒரு 15 ஆயிரம். பத்திர எழுத்தர், வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம், உங்கள் சொந்த வக்கீல் எல்லாம் சேர்த்து 18 ஆயிரம். வங்கி வக்கீல் பார்க்கிறாரே, நமக்கு எதற்கு இன்னொருவர் என்று நினைக்காதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு.

நம் மாவட்டத்தில் பத்திரம் பார்ப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முந்தைய மூலப்பத்திரம் கையில் வந்தால் அதில் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும், கலவரப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. மானாவாரிக் காட்டை வாங்கிக் கல் நட்டு மனையாக விற்பது இங்கே சாதாரணம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குத்தான் அந்த வழி. 'அங்கீகாரம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், பின்னால் வாங்கிய பிறகு வருகிறோம் என்று எழுந்துவிடுங்கள். கண்டிஷன் பட்டாவா, கோயில் நிலமா, வண்டி போகும் வழி பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் வக்கீலிடம் கேளுங்கள். இன்று பக்கத்துக் காட்டுக்காரர் வழி விடுகிறார் என்பது வழிப்பாத்தியம் ஆகாது.

இப்போது மேஸ்திரியின் 2,300 ரூபாய்க்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. சதுர அடி விலை என்றால் சுவருக்குள் இருக்கும் வீடு. சம்பு, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர், மோட்டார், மின் இணைப்பு, சமையலறைக் கப்போர்டு, மின்விசிறி, விளக்கு எதுவும் அதில் கிடையாது. வீடு மட்டும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். சம்புவும் செப்டிக் டேங்க்கும் ஒன்றரை லட்சம். 30-க்கு 40 மனையைச் சுற்றி வந்தால் 140 அடி, அதற்குக் காம்பவுண்டும் கேட்டும் 1.75 லட்சம். கப்போர்டு, விளக்கு, விசிறி ஒன்றரை லட்சம். வரைபடம், இன்ஜினியர், அனுமதிக் கட்டணம் 40 ஆயிரம். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் இருந்தால் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம், நடை மிச்சம். கட்டட வேலைக்கான தற்காலிக இணைப்பு, பிறகு வீட்டு இணைப்பு, ஒயர் இழுக்கும் செலவு சேர்த்து 25 ஆயிரம். மனை ரோட்டைவிடத் தாழ்வு என்று எழுதியிருந்தீர்கள். கிராவல் கொட்டி நிரப்ப 30 ஆயிரமாவது வேண்டும். இவையெல்லாம் என் மதிப்பு. உங்கள் ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை அந்த விலையில் அடக்கம், பாறை வந்தால் உடைக்கும் கூலி யாருடையது, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். நம் மண்ணில் இரண்டடியில் பாறை தட்டுவதும் உண்டு. வீட்டுக்கு நல்லது, பில்லுக்கு நல்லதல்ல.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். போர் என்று உங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து நின்றால் அடிக்கு இவ்வளவு என்று ஆரம்பிக்கும். ஒரு ஆழம் வரைக்கும் ஒரு விலை, அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்கு அடிக்கணக்குதான். கேசிங் பைப் தனி, மோட்டார் தனி, ஆழம் கூடக்கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூடும். 1.75 லட்சம் போட்டிருக்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்து வீடுகளில், தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர், சித்திரை மாதம் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மனை பார்த்து முடிவு செய்வது நம் மாவட்டத்துக்கு ஆகாது.

தண்ணீர் வந்துவிட்டாலும் குடிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர், பழுப்புக் கறை பிடித்த பல்லோடு வரும் பிள்ளைகளை நித்தம் பார்ப்பீர்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஏறக்குறைய 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 மே மாதம் திறக்கப்பட்டது. அந்தக் குழாய் நீங்கள் பார்த்த மனைப்பிரிவு வரை வருகிறதா, பிரதான ரோட்டோடு நிற்கிறதா? ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நின்றால், குடிநீர்க் கேன் செலவு உங்கள் மாதக் கணக்கில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. சென்ட் விலை மலிவாக இருக்கும் மனைகளில் பாதிக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி நாள் கணக்கு. எவ்வளவு பணம் என்பதைவிட, எந்த மாதம் என்பதுதான் வீடு கட்டுகிறவர்களை வாட்டும். வங்கி 22 லட்சத்தையும் ஒரே நாளில் கையில் கொடுக்காது. மனைக்கு ஒரு பகுதி, பிறகு பேஸ்மட்டம் முடிந்தால் ஒன்று, லின்டல் வந்தால் ஒன்று, ரூஃப் காங்கிரீட் போட்டால் ஒன்று, பூச்சு முடிந்தால் ஒன்று. வேலை முடிந்ததை அவர்கள் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான் பணம். மேஸ்திரி கேட்பதோ வேலை தொடங்குவதற்கு முன். கம்பியும் சிமென்டும் இறக்கினால்தான் ஆள் வருவான். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போதும் மூன்று, நான்கு லட்சம் உங்கள் கைப்பணம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இருக்கிற 7 லட்சத்தையும் மனையிலேயே போட்டுவிட்டால், ரூஃப் போடும் வாரம் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகும். நகைக் கடன் தப்பில்லை. ஆனால் அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள், அதற்கும் வட்டி ஓடுகிறது.

கட்டுகிற பத்து மாதமும் வாங்கிய அளவுக்கு வட்டி கட்ட வேண்டும். சராசரியாக 12 லட்சம் வாங்கியிருப்பதாக வைத்தால், எட்டரை சதவீதத்தில் 85 ஆயிரம். இருக்கும் வீட்டுக்கு மாதம் 6 ஆயிரம் வாடகையும் கூடவே ஓடும். அந்தப் பத்து மாதத்தில் விலைவாசியும் சும்மா இருக்காது. 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்குப் புது வரி வந்தபோது ஜல்லியும் எம்சாண்டும் ஏறின. அதே வருஷம் செப்டம்பரில் சிமென்டின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஏறியதை மேஸ்திரி உடனே சொல்வார், இறங்கியதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து, கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கு, 1.95 லட்சம், தொடாத பணமாக வையுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு 50 ஆயிரம். மொய் வரும், அதில் சரிக்கட்டிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வரும் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய மொய், அதுவும் வட்டியில்லாத கடன்தான்.

வாடகையைச் சேர்க்காமல், விட்டுப்போன வரிகளை எல்லாம் கூட்டினால் 12 லட்சத்துக்கு மூவாயிரம்தான் குறைவு.

அரசு மானியம் பற்றிக் கேட்டீர்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் மூன்றரை லட்சம், கிராமத்தில் குடிசையில் இருப்பவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் இரண்டில், வேறு கான்கிரீட் வீடு இல்லாத, வருஷம் 9 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருஷத் தவணையில். உங்கள் மனை நகர எல்லைக்குள்ளோ திட்டப் பகுதிக்குள்ளோ வருகிறதா என்று வங்கியில் கேளுங்கள். கிடைத்தால் சந்தோஷம், கணக்கில் இப்போதே சேர்க்க வேண்டாம்.

22 லட்சத்துக்கு, எட்டரை சதவீதத்தில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை 19,100 ரூபாயை ஒட்டி வரும். மொத்தமாகக் கட்டுவது 45 லட்சத்து 80 ஆயிரம். வட்டி மாறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. 6.75 சதவீதத்தில் கடன் வாங்கியவருக்கு அது 9.25 ஆகியிருந்தால், உங்கள் அளவுக் கடனில் மாதம் 3,400 ரூபாய் கூடுதல், இல்லையேல் தவணைக் காலம் பல வருஷம் நீண்டிருக்கும். கடனோடு காப்பீடும் எடுத்தே ஆக வேண்டும், பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்று சொல்வார்கள். ஆயுள் காப்பீடு தேவைதான், ஆனால் அவர்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடனில் சேர்த்தால் பிரீமியத்துக்கும் 20 வருஷம் வட்டி.

என் யோசனை இது. வீட்டை 600 சதுர அடியாகக் குறையுங்கள், பின்னால் மாடி எடுக்கிற மாதிரி அஸ்திவாரமும் தூணும் போடச் சொல்லுங்கள். கட்டடம் 13 லட்சத்து 80 ஆயிரத்தில் நிற்கும். காம்பவுண்டுக்குப் பதில் இப்போதைக்குக் கம்பி வேலி, கப்போர்டில் பாதி, கிரகப்பிரவேசம் வீட்டு மனுஷர்களோடு. வட்டியும் அவசரப் பணமும் அதற்கேற்பக் குறையும். மனையும் சேர்த்து 31 லட்சத்து 70 ஆயிரத்தில் முடியும். அதோடு ஒரு வருஷம் பொறுங்கள். மாதம் 19 ஆயிரத்தை, தவணை இப்போதே தொடங்கிவிட்டது போலத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். வருஷ முடிவில் 2 லட்சத்து 28 ஆயிரம் சேரும், முன்னிருந்த 7 லட்சமும் 22 லட்சம் கடனும் சேர்ந்தால் குறைவது 42 ஆயிரம்தான். உங்கள் வீட்டுக்காரரின் தீபாவளி போனஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாதம் 19 ஆயிரம் எடுத்து வைக்க முடியாமல் போனால், 22 லட்சம் உங்களுக்குப் பெரிய கடன் என்று அர்த்தம், வங்கி என்ன சொன்னாலும்.

சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது, அதற்குள் விலை ஏறிவிடும் என்கிறார் புரோக்கர். ஏறலாம். 50 ஆயிரம் ஏறிய மனை, பாதியில் நிற்கும் வீட்டைவிட மலிவு.

கட்டிய பழைய வீடு ஏதாவது வந்தாலும் பாருங்கள். போர், காம்பவுண்ட், மின் இணைப்பு எல்லாம் தயாராக இருக்கும், வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடாது. ஆனால் பதிவுச் செலவு கட்டடத்துக்கும் சேர்த்து வரும். 28 லட்சம் வீட்டுக்கு 9 சதவீதம் 2.52 லட்சம், அதுவும் கைப்பணம். 22 லட்சம் கடனோடு உங்கள் 7 லட்சம் மட்டும் அதற்குத் தாங்காது, அந்த ஒரு வருஷச் சேமிப்பும் சேர வேண்டும்.

கடைசியாக, அட்வான்ஸ். ஆடி பிறப்பதற்குள் 1 லட்சம் கொடுத்துவிடச் சொல்கிறாராம் புரோக்கர். ஆடியில் மனை வாங்க ஆள் வராது என்பது அவருக்கும் தெரியும். அந்த மாதத்தை வக்கீலிடம் நகல்களைக் கொடுக்கவும், பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் விசாரிக்கவும், விலை குறைத்துக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது அக்ரிமென்ட் எழுதினாலும் அதில், வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்று ஒரு ஷரத்து இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அந்த ஷரத்தைப் போட உரிமையாளர் மறுத்தால், எனக்கு எழுதுவதற்கு முன் வேறு மனை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்